மீதி எங்கலே?

மருமவனே, உன் மவன் கணக்குல நூத்துக்கு நூறாமே! நேத்து ராத்திரி சோறு திங்கையில நீ சொன்னே, உன் பொண்டாட்டி சொன்னா, அவனும் ஒரு தரம் சொன்னான். மூணு பேரு சொன்னதால நானும் நம்பிட்டேன். நம்பித்தான் இன்னைக்குக் காலையில நூறு ரூபாய் நோட்டைக் கையில குடுத்து முக்குக் கடைக்கு அனுப்புனேன். கால் கிலோ சீனி பன்னெண்டு ரூபாய், ஊதுபத்தி பத்து, கடலை மிட்டாய் பத்து, தீப்பெட்டி ரெண்டு. ஆக முப்பத்து நாலு. பய சாமானைக் கொண்டாந்து திண்ணையில வச்சான். உள்ளங்கையைத் தொறந்து காமிச்சான். ஒரு அம்பது ரூபாய் நோட்டு, ஒரு ஒத்தை ரூபாய்க் காசு.

"மீதி எவ்வளவுலே வரணும்?"னேன்.

"கடைக்காரத் தாத்தா இதைத்தான் குடுத்தாங்க"ன்னான்.

பதினஞ்சு ரூபாயைக் கடைக்காரர் எடுத்து வச்சிருந்தாரு. அவர் மேல கோவப்படாதே. நான்தான் விடியக்காலமே போயி, "பய வருவான், பதினஞ்சு குறைச்சுக் குடும், பாப்போம்"னு சொல்லிட்டு வந்தேன். பொறவு போயி வாங்கிட்டும் வந்துட்டேன். பரீட்சைன்னா சொல்லாம வைக்கணும். தேதி போட்டு வச்சா அது சடங்கு.

ஒண்ணு ஒத்துக்கிடுதேன். நூறுல முப்பத்து நாலு போனா எவ்வளவுலேன்னு பெறவு கேட்டதுக்கு, மூச்சு விடாம அறுபத்தாறுன்னு சொன்னான். ஆளு கெட்டிக்காரன்தான். ஆனா கடையில அந்தக் கேள்வியை யாரு அவங்கிட்ட கேட்டா? கல்லாப்பெட்டிக்கு முன்னால நின்னுக்கிட்டு அவனே அவனைக் கேட்டுக்கிடணும். கேள்வித்தாள் கையில வந்தாத்தான் யோசிக்கிறதுன்னு பழக்கிட்டே. கேள்வித்தாளே குடுக்காம ஏமாத்துறவன்தான ஊருல பாதிப்பேரு?

நீ உடனே போனைத் தூக்கிக் காமிக்கே. "மாமா, 2016-லயே யுபிஐ வந்தாச்சு, இனிமே சில்லறை எதுக்கு?"ங்கே. வாஸ்தவம். நம்ம முக்குக் கடையிலயும் அந்தப் பேசுற பொட்டி உக்காந்திருக்கு. முப்பத்து நாலு ரூபாய் வந்துருச்சுன்னு ஒரு பொம்பளக் குரல் தெருவுக்கே தண்டோரா போடுது. நீ குடுத்தது முப்பத்து நாலுன்னு அது சொல்லும். குடுக்க வேண்டியது இருபத்து நாலுதான்னு அது எப்பவாவது சொல்லிருக்கா? போன கோயில் கொடைக்கு வந்தப்போ ஒரு பூஜ்யம் கூடப் போட்டு அனுப்பிட்டு ஜம்முனு வீட்டுக்கு வந்தே. கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுத்தாரு. அவர் யோக்கியர், நீ பொழைச்சே.

பிள்ளைக பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அப்பா போனைக் காட்டுதாரு, சாமான் வருது. கையில இருந்தது குறையுதுங்கிற சங்கதியே அதுக கண்ணுல படல. எங்கிட்ட துட்டு இல்லம்மான்னு முந்தாநாள் உன் மவகிட்ட சும்மா சொன்னேன். "போனுக்குச் சார்ஜ் போடுங்க தாத்தா"ங்கா.

சரி, இனிமே செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். டப்பாவுல, பழைய கைப்பையில, சாமி படத்துக்கு முன்னாலன்னு வீட்டுல கெடக்குற சில்லறையெல்லாம் ஒரு துண்டை விரிச்சுக் கொட்டு. பிள்ளைகளைச் சுத்தி உக்கார வச்சுட்டு நீ எந்திரிச்சுப் போயிரு. நீ இருந்தா வாயைத் திறப்பே. அதுக பிரிச்சு அடுக்கட்டும், பத்துப் பத்தா குவிக்கட்டும். களத்துல தவசம் அளக்குறவங்க ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டாங்க, "லாபம்"னு ஆரம்பிச்சுத்தான் ரெண்டு, மூணுன்னு போவாங்க. அப்படியே எண்ணச் சொல்லு. லாபத்துல ஆரம்பிச்சா பிள்ளைக்கும் ஒரு உற்சாகம்.

ஒரு ரூபாய்க் காசும் ரெண்டு ரூபாய்க் காசும் ஒரே சாயல்ல இருக்கும். எந்தப் புண்ணியவான் அச்சடிச்சானோ, எனக்குக் கண்ணாடி போட்டாலும் குழப்பந்தான். நாலணாக் காசு வந்தா அதைத் தனியா வச்சிரு, 2011 ஜூன் மாசக் கடைசியோட அதுக்கு ஆயுசு முடிஞ்சுது. எட்டணாவுக்குச் சட்டப்படி இன்னும் உசுரு இருக்கு, கடைக்காரர் முன்னால நீட்டுனா மட்டும் செத்துப் போகும். அப்புறம் அந்த ரெண்டு கலர்ப் பத்து ரூபாய்க் காசு. செல்லாதுன்னு எவனோ ஒருத்தன் கிளப்பிவிட்டான், தமிழ்நாடு பூராவும் பிடிச்சுக்கிட்டது. பதினாலு டிசைன்ல வந்திருக்கு, அத்தனையும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலயே அறிக்கை விட்டுச்சு. ஒரு ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள காசா ஆயிரம் ரூபாய் வரைக்கும் குடுக்கலாம், செல்லும்னு 2011-ல சட்டமே போட்டாச்சு. சட்டத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் குடு. கையோட பத்து ரூபாய் நோட்டையும் குடுத்து அனுப்பு. எல்லாக் கடைக்காரரும் சட்டம் படிச்சவங்க இல்ல.

இருபது ரூபாய்க் காசுக்குப் பன்னெண்டு மூலை. அதைத் தடவித் தடவி எண்ணச் சொல்லு. கண்ணை மூடிக்கிட்டு, பையில கையை விட்டு, அஞ்சு ரூபாயை மட்டும் எடுன்னு சொல்லு. பஸ்ஸுக்குள்ள கூட்டத்துல ஒரு கை கம்பியில இருக்கும்போது மறுகை அப்படித்தான் சில்லறை எடுக்கணும். நோட்டைப் பாக்கத் தெரியணும்னா பின்பக்கம் திருப்பச் சொல்லு. பதினஞ்சு பாஷையில தொகை எழுதிருக்கும். கீழ இருந்து மூணாவது வரி நம்ம தமிழு. இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்குற உன் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரியையாவது வாசிக்க வச்ச மாதிரி இருக்கும்.

இப்போ கழித்தலுக்கு வாரேன். பள்ளிக்கூடத்துல அதுக்குப் பேரே கடன் வாங்கிக் கழித்தல். நூறுல முப்பத்து நாலைக் கழிக்கணும். பூஜ்யத்துல நாலு போகாது, அதனால பக்கத்து வீட்டுல கடன் கேளு. பக்கத்து வீட்டுக்காரனும் பூஜ்யம். அவன் என்ன செய்வான், பாவம், அதுக்கு அடுத்த வீட்டுல போயி ஒரு நூறைக் கைமாத்தா வாங்கி, பத்துப் பத்தா முறிச்சு, ஒரு பத்தை இவனுக்குக் குடுத்துட்டு மிச்சம் ஒம்பதைத் தான் வச்சுக்கிடுவான். கடைசி வீட்டுக்காரன் கதி? கையில இருந்த ஒண்ணும் போயி அவன் பூஜ்யம். எட்டு வயசுப் பிள்ளைக்கு இப்படிக் குடும்பம் நடத்தச் சொல்லிக் குடுத்துட்டு, வளந்தப்புறம் கிரெடிட் கார்டு தேய்க்கான்னு அழுதா எப்படி?

முக்குக் கடையில இந்தச் சோலியே கெடையாது. அங்க "இன்று ரொக்கம் நாளை கடன்"னு போர்டே தொங்குது. கடைக்காரர் கழிக்கவே மாட்டாரு, கூட்டித்தான் குடுப்பாரு. நாளைக்குப் பக்கத்துல நின்னு அவர் வாயைப் பாரு. முப்பத்து நாலுன்னு முனங்கிக்கிட்டே ஒரு ரூபாயை எடுத்து வைப்பாரு, முப்பத்தஞ்சு. அஞ்சு ரூபாய்க் காசு, நாப்பது. பத்து ரூபாய் நோட்டு, அம்பது. அம்பது ரூபாய் நோட்டு, நூறு. முடிஞ்சுபோச்சு. மீதி அறுபத்தாறுன்னு அவர் நெனைக்கக்கூட இல்ல. சாமானும் காசும் சேந்து நூறு ஆச்சான்னு மட்டும் பாக்காரு. ஆச்சு, போயிட்டு வா.

பிள்ளைக்கு இந்த வழியைப் பழக்கு. அதுக்கு முதல்ல பத்துக்கு எவ்வளவு குறையுதுன்னு நாக்கு நுனியில நிக்கணும். நாலுக்கு ஆறு, ஏழுக்கு மூணு, எட்டுக்கு ரெண்டு. அப்புறம் பத்துல இருந்து நூறுக்கு ஏறணும், நூறுல இருந்து ஐநூறுக்குப் போகணும். பேப்பர் பென்சில் வேண்டாம். காசை ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே வாய்விட்டுச் சொல்லணும். வாய் சொல்லுறதும் கை வைக்குறதும் ஒண்ணாப் போச்சுன்னா எந்தக் கடையிலயும் ஒருத்தனும் அவனை அசைக்க முடியாது.

இது தேறுனதும் அடுத்த வகுப்பு இருக்கு. இன்னைக்குக் கடைக்காரர் உன் மவங்கிட்ட, "தம்பி, நாலு ரூபாய் சில்லறை இருக்கா?"ன்னு கேட்டாராம். "நான்தான் நூறு குடுத்துட்டேனே, எதுக்கு இன்னும் கேக்கீங்க?"ன்னு பய மல்லுக்கு நின்னுட்டானாம். நியாயமான சண்டைதான். முப்பத்து நாலு ரூபாய் சாமானுக்கு நூறு குடுத்ததே அதிகம், அதுக்கு மேல நூத்து நாலு குடுக்கணும்னா எந்தப் பிள்ளைக்குத்தான் வயிறு எரியாது? ஆனா நூத்து நாலைக் குடுத்துட்டா திரும்புறது எழுபது. ஒரு அம்பது, ஒரு இருபது, ரெண்டே நோட்டு. கடைக்காரருக்குச் சில்லறை மிச்சம், உனக்குப் பை கனம் இல்ல. கூடக் குடுத்தது மீதியோட சேந்து திரும்பி வருதுன்னு பிள்ளை தன் கண்ணால காணணும். சொன்னா நம்பாது. வீட்டுலயே கடை போட்டு, அவனைக் கல்லாவுல உக்கார வச்சு, நீ சாமான் வாங்க வா. எங்க, உனக்கே ஒண்ணு கேக்கேன். நாப்பத்தேழு ரூபாய் சாமான். நூறோட எவ்வளவு சேத்துக் குடுத்தா அம்பத்தஞ்சு திரும்பும்? போன் மேல கை போகக்கூடாது. ... ரெண்டுலே, ரெண்டு. முழிக்கே பாரு.

உங்களுக்கெல்லாம் நூறு பைசா ஒரு ரூபாய்ங்கிற லேசான கணக்கு. நாங்க படிக்கையில ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா, தம்பிடின்னு எறங்குனா அணாவுக்குப் பன்னெண்டு. ரூபாயில மாகாணி ஒரு அணா. அதனால மாகாணி வாய்ப்பாடு தலைகீழாச் சொல்லாம வாத்தியார் வீட்டுக்கு விடமாட்டாரு. அதெல்லாம் ஒருவழியா மண்டையில ஏறி உக்காந்த நேரத்துல, 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்துச்சு. நாள் பாத்து வச்சான் பாரு, ஏப்ரல் ஒண்ணு! பழைய காசும் புதுக் காசும் ஒண்ணாப் புழங்குச்சு. ஒரு அணாவுக்குச் சரியாப் பாத்தா ஆறே கால் பைசா. கால் பைசாவை எங்க போயி எடுக்க? ஒரு அணாவுக்கு 6, ரெண்டு அணாவுக்கு 12, மூணு அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25-ன்னு கணக்கு வச்சாங்க.

இப்போ பாரு வேடிக்கையை. நாலு அணாவை ஒண்ணாக் குடுத்தா இருபத்தஞ்சு. ஒத்தை ஒத்தையா நாலு தரம் குடுத்தா இருபத்து நாலு. பதினாறு அணாவையும் அப்படிப் பிரிச்சு மாத்துனா தொண்ணூத்தாறுதான் வரும், ரூபாய்க்கு நாலு பைசா அவுட். எங்க அம்மாச்சி கைநாட்டு. அவ ஒரு நாளும் எங்களை ஒத்தை அணாவோட கடைக்கு அனுப்பல. நாலு அணா சேருற வரைக்கும் முந்தியில முடிஞ்சு வச்சிருந்து மொத்தமாக் குடுப்பா. நாங்க அந்த மிச்சம் ஒரு பைசாவுக்கு மிட்டாய் வாங்கித் தின்னோம். முழு எண்ணாக்குறதுன்னு உன் மவன் புஸ்தகத்துல பாடம் வருதே, அது எங்களுக்கு நாக்குல கரைஞ்ச பாடம்.

மிட்டாய்னதும் ஞாபகம் வருது. சில்லறை இல்லன்னு மிட்டாய் குடுக்குறது எல்லா ஊருலயும் உண்டு. தீப்பெட்டி செய்யுற ஊருக் கடையில தீப்பெட்டியே சில்லறை. ஒத்தை ரூபாய் மீதின்னா ஒரு பெட்டியை எடுத்து வீசுவாங்க. பீடி குடிக்காத வீட்டுலயும் அடுக்கடுக்காக் கெடந்துச்சு. பதினாலு வருசமா ஒரு ரூபாயாவே இருந்த தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1-ல இருந்து ரெண்டு ரூபாய் ஆச்சு. அன்னையோட அந்தச் சில்லறை வியாபாரமும் படுத்துருச்சு, பெட்டியைப் பாதியா ஒடிச்சா குடுக்க முடியும்? உன் பிள்ளைக்கு மிட்டாயை நீட்டுனா, "இதே மிட்டாயை நாளைக்குக் காசாக் கொண்டாந்தா வாங்கிக்கிடுவீங்களா?"ன்னு பணிவாக் கேக்கச் சொல்லு. கேக்கும்போது சிரிச்ச மொகமா இருக்கணும், அது முக்கியம். நமக்கு நாளைக்கும் அந்தக் கடைதான். அப்படியே ஒரு கொத்து கருவேப்பிலை கொசுறு கேக்கவும் பழக்கிரு.

பஸ்ஸுல இன்னொரு பாடம். கண்டக்டர் சில்லறை இல்லன்னா டிக்கெட்டுக்குப் பின்னால மீதியை எழுதிக் குடுப்பாரு. அந்தத் துண்டுச் சீட்டை எறங்குற வரைக்கும் ஞாபகம் வச்சிருந்து வாங்கணும். சன்னல் ஓரம் உக்காந்து வேடிக்கை பாத்தவன் கதை அவ்வளவுதான். உன் அத்தைக்கு அந்தக் கவலையும் இல்ல, 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்குக் காசே கெடையாது.

பிள்ளை ஏமாந்துட்டு வந்தா நீ குதிக்காதே. அஞ்சு ரூபாயைத் தொலைச்சுட்டு அழுதுக்கிட்டு வாரவனுக்கு அடுத்த தரம் நீ ஒண்ணும் சொல்லவே வேண்டாம். மாசத்துக்கு டியூசனுக்கு எவ்வளவு கட்டுறேன்னு நான் கேக்கல, கேட்டா எனக்கு நெஞ்சு வலி வரும். இந்த வாத்தியாருக்கு ஃபீஸ் அஞ்சு ரூபாய், அதையும் பல தரம் திருப்பிக் குடுத்துருவாரு. நீ என்ன செய்யுதே? அவங்கூடவே கடைக்குப் போயி, அவன் வாயைத் திறக்கும் முன்னால நீ விலை கேட்டு, நீ எண்ணி வாங்கி, அவன் கையில குச்சி ஐஸை மட்டும் குடுக்கே. அவன் ஐஸ் எண்ணத்தான் பழகுவான்.

இதெல்லாம் பட்டிக்காட்டான் பேச்சுன்னு நெனைச்சுராதே. டீக்கடைக்கு வார ரிட்டயர்டு வாத்தியார் சொன்னாரு, பிரேசில் நாட்டுல ரெசிஃபேன்னு ஒரு ஊராம். தெருவுல தேங்காய் விக்குற பிள்ளைக கணக்கைப் பத்தி 1985-ல ஒரு ஆராய்ச்சி வந்ததாம். தேங்காய் ஒண்ணு 35, பத்துக் காய் எவ்வளவுன்னு கேட்டிருக்காங்க. பன்னெண்டு வயசுப் பய, மூணு காய் 105, இன்னும் மூணு போட்டா 210ன்னு மூணு மூணா ஏறி, கடைசி ஒத்தைக் காயையும் சேத்து 350ன்னு நிறுத்திட்டான். ஒரு பூஜ்யத்தைச் சேத்தாப் போதும்னு பள்ளிக்கூடம் சொல்லும். அவன் நம்ம முக்குக் கடைக்காரர் ஏறுன ஏணியிலதான் ஏறிருக்கான். அதே பிள்ளைகளுக்கு அதே மாதிரிக் கணக்கைக் காகிதத்துல எழுதிக் குடுத்தா தடுமாறுச்சுகளாம். நம்ம நாட்டுலயும் கல்கத்தா, டெல்லி சந்தைப் பிள்ளைகளை வச்சு இதே சங்கதியை, 2019-ல நோபல் வாங்குன அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் சிலரும் சேந்து பாத்து, 2025-ல நேச்சர் பத்திரிகையில எழுதுனாங்களாம். சந்தைப் பிள்ளைக்குக் காகிதம் ஓடல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சந்தை ஓடல. அதனால பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டுத் தேங்காய் விக்க அனுப்புன்னு நான் சொல்லல. உன் பொண்டாட்டி அப்படித்தான் திரிச்சுச் சொல்லுவா, இப்பவே சொல்லிட்டேன். ரெண்டு கையும் தேறட்டும்ங்கேன்.

ஆவணியில ஒரு கல்யாணம் வருது. பயலை மொய் எழுதுற மேசையில உக்கார வை. ஒருத்தர் பேரையும் ஊரையும் சத்தமாச் சொல்லுவாரு, ஒருத்தர் நோட்டுல எழுதுவாரு, ஒருத்தர் எண்ணிப் பையில போடுவாரு. நூத்தியொண்ணு, இருநூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணு. பக்கம் முடிஞ்சதும் கூட்டி, கூட்டுன தொகையை அடுத்த பக்கத்துத் தலையில எழுதணும். அதை உன் மவன் செய்யட்டும். கடைசியில நோட்டும் பையும் ஒத்துப் போகணும், பத்து ரூபாய் ஒதைச்சாக்கூட ஒருத்தரும் பந்திக்கு எந்திரிக்க முடியாது. அந்த ஒத்தை ரூபாய்க் காசுகளைத் தனியாக் குவிச்சு எண்ணச் சொல்லு. எல்லாரும் ஒண்ணு சேத்து வச்சிருந்தா, எத்தனை காசோ அத்தனை பேரு. நோட்டுல உள்ள பேரு எண்ணிக்கையோட அது சரியா நிக்குறதைப் பாத்தான்னா, கணக்குல அவனுக்கு ஒரு ருசி வந்துரும். எந்தச் சித்தப்பா அந்த ஒத்தை ரூபாயை அமுக்குனாருன்னும் தெரிஞ்சிரும்.

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சனிக்கிழமை கூடும், பேரம் பேசுறதைப் பாக்க ஒரு தடவை கூட்டிட்டுப் போயிக் காமிக்கேன். மாட்டுச் சந்தைன்னா தரகர்கள் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சே ஆயிரக்கணக்குல பேரம் முடிப்பாங்க, அதுக்கு இன்னும் வயசு இருக்கு, இப்போ வேண்டாம்.

இப்போதைக்கு இவ்வளவு போதும். மே மாச லீவுல ரெண்டையும் இங்க விட்டுட்டுப் போ. நாளுக்கு ஒரு நூறு ரூபாய் நோட்டைச் சில்லறைக் கணக்குக்கு நீ வச்சுட்டுப் போகணும். மீதி சரியாக் கொண்டாந்தா ரெண்டு ரூபாய் பிள்ளைக்கு. குறைஞ்சா குறைஞ்ச காசு உன் பேருல பத்து. மாசக் கடைசியில பிள்ளைகளைக் கூப்பிட வரும்போது அந்தப் பத்தைத் தீத்துட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும். போன்ல அனுப்புற வேலை வேண்டாம். ரொக்கமாக் கொண்டா, உன் மவன் முன்னால எண்ணி வை.